அரசியல் முதுகலையும் வெளிநாட்டு இன்டர்ன்ஷிப்பும்: முதலில் கேட்க வேண்டிய கேள்வி

கேள்வி சுருக்கமாக இது. சென்னையில் பி.ஏ. அரசியல் அறிவியல் இறுதியாண்டு. அடுத்து ஐரோப்பாவில் முதுகலை. படிக்கும்போதே ஒரு நாடாளுமன்ற அலுவலகத்திலோ, கொள்கை ஆய்வு நிறுவனத்திலோ, சர்வதேச அமைப்பிலோ இன்டர்ன்ஷிப் செய்ய ஆசை. கன்சல்டன்சியில் “பிரிட்டன் போங்கள், ஒரே வருடம், இன்டர்ன்ஷிப் அங்கே போனதும் கிடைத்துவிடும்” என்கிறார்கள். வீட்டில் கடன் வாங்கித்தான் அனுப்ப முடியும். இது நடக்குமா, எந்த நாடு, எப்போது விண்ணப்பிப்பது?

நடக்கும். நம் பிள்ளைகள் ஆண்டுதோறும் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் நாடு, தரவரிசை, நகரம் என்று நீங்கள் எழுதி வைத்திருக்கும் பட்டியலுக்கு முன்னால் ஒரு கேள்வி வர வேண்டும்: அந்த இன்டர்ன்ஷிப் பாடத்திட்டத்துக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? விசா விதி, சம்பளம், கிரெடிட், படிப்பு முடியும் தேதி எல்லாமே இதைப் பொறுத்துத்தான் அமையும். நான் ஜெர்மனியில் பொதுக்கொள்கை முதுகலை முடித்து இங்கேயே வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து வரும் மாணவர்களின் விண்ணப்பங்களைப் படித்துத் திருத்திக் கொடுப்பது பழக்கமாகிவிட்டது. திறமை போதாமல் தடுமாறியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இந்தக் கேள்வியைக் கேட்காமல் சேர்ந்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் வந்த நல்ல வாய்ப்பை விசாவுக்காகவோ காசுக்காகவோ விட்டவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஜெர்மனியை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் வித்தியாசம் இங்கே பளிச்சென்று தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். 2024 மார்ச் வரை இது 120, 240 ஆக இருந்தது. பாடத்திட்டம் கட்டாயமாக்கிய இன்டர்ன்ஷிப் இந்தக் கணக்கில் சேராது. நீங்களாக விரும்பிச் செய்வது, சம்பளமே இல்லாவிட்டாலும், சேரும். அதாவது மூன்று மாதம் விருப்ப இன்டர்ன்ஷிப் செய்தால், வருடம் முழுக்க உணவகத்திலோ நூலகத்திலோ பகுதிநேரம் பார்த்துச் செலவைச் சமாளிக்கலாம் என்ற திட்டத்தில் கிட்டத்தட்ட பாதி போய்விடும். கடன் வாங்கி வருபவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சம்பளத்தில் கதை தலைகீழ். ஜெர்மனியின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 2015இல் வந்தது. கட்டாய இன்டர்ன்ஷிப்புக்கு அது பொருந்தாது. விருப்ப இன்டர்ன்ஷிப் மூன்று மாதத்தைத் தாண்டினால் முதல் நாளிலிருந்தே பொருந்தும். 2026இல் மணிக்கு 13.90 யூரோ. ஆகவே சிறிய ஆய்வு நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் “இது கட்டாயம் என்று பல்கலைக்கழகச் சான்று கொண்டு வா” என்றுதான் முதலில் கேட்கும். சான்று இருந்தால் கதவு எளிதாகத் திறக்கும், கையில் வருவது குறையும். சான்று இல்லாவிட்டால் மூன்று மாதத்துக்குள் முடியும் வேலைகள்தான் பெரும்பாலும் கிடைக்கும். அரசியல் துறையில் மூன்று மாதம் என்பது ஆட்களின் பெயர் பழகி முடியும்போது கிளம்புகிற காலம். எனக்கு ஐந்தாறு மாதம்தான் சரியான அளவாகப் படுகிறது.

சரி, உள்ளே இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விளம்பரப் பக்கத்தில் “செயல்முறை அனுபவம்”, “தொழில்துறைத் தொடர்புகள்” என்று இருந்தால் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. ஒவ்வொரு ஐரோப்பியப் பல்கலைக்கழகமும் படிப்பு விதிமுறைகள் என்று ஒரு ஆவணம் வெளியிடும். பிடிஎஃப் ஆக, பல நேரம் உள்ளூர் மொழியிலேயே, பார்க்க அலுப்பூட்டும் வடிவில் இருக்கும். அதைத் திறந்து இன்டர்ன்ஷிப் என்ற சொல்லைத் தேடுங்கள். கட்டாயமா விருப்பமா, எத்தனை கிரெடிட், எந்த செமஸ்டர், வேறு நாட்டில் செய்யலாமா என்ற நான்கும் அங்கே இருக்கும். ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. பத்து கிரெடிட் என்று போட்டிருந்தால் 250 முதல் 300 மணி நேரம், முழுநேரமாகச் செய்தால் ஏழெட்டு வாரம். முப்பது கிரெடிட் என்றால் ஒரு முழு செமஸ்டரையே உங்களுக்கு ஒதுக்கித் தருகிறார்கள் என்று பொருள். உங்களுக்கு வேண்டியது இந்த இரண்டாவது வகை. “ஆறு கிரெடிட், விருப்பப்பாடம்” என்று இருந்தால் அது கோடை விடுமுறையில் நான்கைந்து வாரம் எங்காவது உட்கார்ந்துவிட்டு வருவதற்கான ஏற்பாடு.

ஆவணத்தில் தெளிவாக இல்லையென்றால் துறையின் படிப்பு ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். கடந்த ஆண்டு மாணவர்கள் எங்கெங்கே இன்டர்ன்ஷிப் செய்தார்கள் என்று கேளுங்கள். நல்ல துறைகள் தயங்காமல் சொல்வார்கள். பதில் மழுப்பலாக வந்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி பிரிட்டன். ஓராண்டு முதுகலை என்பது அறிவுக்கு நல்ல படிப்பாக இருக்கலாம், ஆனால் அதற்குள் இன்டர்ன்ஷிப் நுழைய இடமே கிடையாது. செப்டம்பரில் சேர்ந்து மே மாதம் வரை வகுப்பும் தேர்வும், அதன்பின் கோடை முழுக்க ஆய்வேடு. “கோடையில் செய்துகொள்ளலாமே” என்று கன்சல்டன்சியில் சொல்வார்கள். முதுகலை மாணவருக்கு அந்த ஆய்வேட்டுக் காலமும் விசா விதிப்படி படிப்புக் காலம்தான், விடுமுறை இல்லை. வாரம் 20 மணி நேர வரம்பு அப்போதும் நிற்கும். முழுநேர இன்டர்ன்ஷிப் செய்ய முடியாது. சில பல்கலைக்கழகங்கள் பணி அனுபவத்தோடு இணைத்து முதுகலையை நீட்டித் தருகின்றன. அதில் பணிக்காலம் மொத்தப் படிப்பில் பாதியைத் தாண்டக்கூடாது, மதிப்பிடப்படும் பகுதியாகவும் இருக்க வேண்டும். அப்படி ஒன்றில் சேர்ந்தால்கூட இடத்தைத் தேடிப்பிடிப்பது பெரும்பாலும் உங்கள் பொறுப்பு. கிடைக்காவிட்டால் பணிக்காலம் இல்லாத படிப்புக்கு மாற்றிவிடுவார்கள். படிப்பு முடிந்தபின் தங்கி வேலை தேடும் கிராஜுவேட் விசாவும் 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. பிரிட்டன் கூடாது என்று நான் சொல்லவில்லை. நீங்கள் கேட்டது படிப்பும் இன்டர்ன்ஷிப்பும் சேர்ந்து. அந்தக் கேள்விக்குப் பிரிட்டன் ஓராண்டுப் படிப்பு சரியான விடை இல்லை.

பிரான்ஸ் இந்த விஷயத்தில் மிகத் தெளிவான நாடு. அங்கே மாணவர், பல்கலைக்கழகம், நிறுவனம் மூவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இல்லாமல் இன்டர்ன்ஷிப்பே கிடையாது. ஒரே நிறுவனத்தில் ஒரு கல்வியாண்டில் ஆறு மாதம்தான் உச்சவரம்பு. இரண்டு மாதத்துக்கு மேல் போனால் உதவித்தொகை கொடுத்தாக வேண்டும். 2025இல் அது குறைந்தபட்சம் மணிக்கு 4.35 யூரோ, மாதத்துக்குச் சுமார் 650 யூரோ. பாரிஸில் ஒரு அறை வாடகைக்கே அது பற்றாது, ஆனாலும் சட்டப்படியான ஒன்று. வெளிநாட்டு மாணவருக்கு உள்ள ஆண்டுக்கு 964 மணி நேர வேலை வரம்பிலும் இந்த ஒப்பந்த இன்டர்ன்ஷிப் சேராது. பாரிஸின் சியான்ஸ் போ பல்கலைக்கழகத்தின் சர்வதேச விவகாரப் பள்ளியில் இரண்டாண்டு முதுகலையின் மூன்றாவது செமஸ்டர் இதற்கென்றே திறந்திருக்கும். பலர் அதை வேறு நாட்டில் கழிக்கிறார்கள். கட்டணம்தான் உயரம். ஒரு எச்சரிக்கை: படிப்பு முடிந்து மாணவர் பதிவு போய்விட்டால் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட யாரும் இல்லை. “முதலில் பட்டம், பிறகு நிதானமாக இன்டர்ன்ஷிப்” என்ற நம்மூர்க் கணக்கு பிரான்ஸில் எடுபடாது.

அமெரிக்காவை நீங்கள் கேட்கவில்லை, ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் பொதுவாக முதல் கல்வியாண்டு முடிந்தபின்தான் பாடத்திட்டத்தோடு சேர்ந்த பயிற்சிக்கு அனுமதி. பட்டத்துக்குப் பின் 12 மாதம். பொறியியல் மாணவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் வழக்கமான அரசியல் படிப்புக்குக் கிடையாது.

இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் அலுவலகங்கள் இருக்கும், எல்லோரும் கனவு காணும் பிரஸ்ஸல்ஸுக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் புளூ புக் பயிற்சித் திட்டம் 1960இல் தொடங்கியது. ஐந்து மாதம். மார்ச் 1, அக்டோபர் 1 என்று ஆண்டுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் சுமார் 900 பேர். மாதம் 1,400 யூரோவை ஒட்டிய உதவித்தொகை. ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கும் குறைந்த எண்ணிக்கையில் இடம் உண்டு. ஐரோப்பியக் குடிமக்களுக்கு இரண்டு மொழி வேண்டும். நமக்கு ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் மூன்றில் ஒன்று மிக நன்றாகத் தெரிந்தால் போதும். மூன்றாண்டு இளங்கலை முடித்திருந்தாலே விண்ணப்பிக்கலாம். இதில் பலர் கவனிக்காத ஒரு பொருத்தம் இருக்கிறது. அக்டோபர் முதல் பிப்ரவரி வரையான அமர்வு ஜெர்மனியின் குளிர்கால செமஸ்டரோடு அப்படியே ஒட்டி வருகிறது. மூன்றாவது செமஸ்டரை இன்டர்ன்ஷிப்புக்கு விடும் படிப்பில் இருந்தால் ஒரு நாள்கூட வீணாகாது. ஆனால் போட்டி கடுமை. அதை மட்டும் நம்பி மற்றக் கதவுகளைத் தட்டாமல் இருக்காதீர்கள்.

பிரஸ்ஸல்ஸில் ஆணையமும் நாடாளுமன்றமும் மட்டும் இல்லை. அவற்றைச் சுற்றி ஆய்வு நிறுவனங்கள், தொழிற்சங்கக் கூட்டமைப்புகள், தொழில் சங்கங்கள், மனித உரிமை அமைப்புகள், மாநில அரசுகளின் பிரதிநிதி அலுவலகங்கள் என்று ஒரு பெரிய வட்டம் இருக்கிறது. இந்திய மாணவர்களுக்கு அதிகம் இடம் கிடைப்பது இந்த வட்டத்தில்தான். அங்கே என்ன வேலை? ஒரு சட்ட முன்மொழிவு வந்தால் ஆணையத்தின் மூல வாசகம், நாடாளுமன்றத்தின் நிலைப்பாடு, உறுப்பு நாடுகளின் கவுன்சிலின் நிலைப்பாடு, கடைசியில் சமரச வாசகம் என்று நான்கு பத்திகளில் ஒரு அட்டவணை ஓடும். முத்தரப்புப் பேச்சுவார்த்தையின் உயிரே அந்த அட்டவணைதான். அது கைக்குக் கிடைத்த அன்றைக்கே, எந்தச் சொல் விழுந்தது, “வேண்டும்” என்பது எங்கே “முயல வேண்டும்” ஆயிற்று, எந்தப் பிரிவின் கெடு ஓராண்டு தள்ளிப்போயிற்று என்று பார்த்து ஒரு பக்கக் குறிப்பு எழுதுவது இன்டர்ன் வேலை. காலையில் குழுக் கூட்டத்தில் 24 மொழி மொழிபெயர்ப்பில் உங்களுக்கு வேண்டியதைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள், மாலை ஐந்து மணிக்குள் குறிப்பு போய்ச் சேர வேண்டும். நாடாளுமன்றம் மாதத்துக்கு ஒரு முறை ஸ்ட்ராஸ்பூர்க் போய்விடும் வாரத்தில் பிரஸ்ஸல்ஸ் அமைதியாகும், அப்போதுதான் ஆய்வேட்டுக்கு நேரம். இந்த வேலைப் பழக்கத்தை எந்த வகுப்பும் கற்றுத்தராது. ஒரு சொல்லை மாற்றுவதற்காக ஆறு மாதம் சண்டை நடக்கிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தபின், பாடப்புத்தகத்தில் “சட்டமியற்றும் செயல்முறை” என்ற அத்தியாயத்தை வேறு மாதிரி படிப்பீர்கள்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. ஜெர்மன் குடியிருப்பு அட்டையோடு பெல்ஜியத்துக்கு ரயிலில் போகலாம், 180 நாளில் 90 நாள் இருக்கலாம். வேலை செய்யும் உரிமை அந்த அட்டையில் இல்லை. பரிமாற்றத் திட்டத்தின்கீழ் இரண்டாவது ஒன்றிய நாட்டில் 360 நாள் வரை படிக்க 2016ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டு ஆணை வழி செய்கிறது. ஆனால் அது படிப்புக்கு. இன்டர்ன்ஷிப்புக்குப் பெல்ஜியத்தின் தனி அனுமதி வேண்டும், அதற்கு நிறுவனத்தோடு கையெழுத்தான பயிற்சி ஒப்பந்தம் வேண்டும், பரிசீலனைக்கு வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் ஆகும். ஆகையால் அக்டோபர் இன்டர்ன்ஷிப்புக்கு மே மாதத்திலேயே இடம் உறுதியாக வேண்டும். கூடப் படிக்கும் இத்தாலி, போலந்து நண்பர்கள் செப்டம்பரில் பதில் வந்து அக்டோபரில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அவர்களுடைய அவகாசம் உங்களுக்குக் கிடையாது. நேர்காணலிலேயே “எனக்கு அனுமதி வாங்க இவ்வளவு நாள் ஆகும், இன்ன ஆவணம் நீங்கள் தர வேண்டும்” என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். மறைத்துவிட்டு ஒப்பந்தம் வந்தபின் சொன்னால் இடம் கைமாறிவிடும்.

சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப்பைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. 2015இல் ஜெனீவாவில் ஐ.நா. இன்டர்னாக இருந்த 22 வயது நியூசிலாந்து இளைஞர் வாடகை கொடுக்க முடியாமல் கூடாரத்தில் தங்கினார் என்ற செய்தி உலகம் முழுக்கப் போனது. அதன்பின் சில அமைப்புகள் மாறின. உலக சுகாதார நிறுவனம் 2020 முதல் உதவித்தொகை தருகிறது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு அதற்கு முன்பிருந்தே தருகிறது. ஐ.நா. செயலகம் இன்றும் தருவதில்லை. ஐரோப்பிய வெளியுறவுச் சேவை தன் தூதரகங்களில் சம்பளமில்லாமல் இளைஞர்களை வைத்திருந்ததை 2017இல் ஒன்றிய அமைப்புகள் மீதான புகார்களை விசாரிக்கும் ஐரோப்பிய ஒம்புட்ஸ்மன் எமிலி ஓ’ரைலி கண்டித்து, உதவித்தொகை கொடுக்கச் சொன்னார். காசுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே செய்யக்கூடிய இன்டர்ன்ஷிப்பிலிருந்து நாளைய அதிகாரிகளும் தூதர்களும் வருகிறார்கள் என்றால் அது அரசியலுக்கே நல்லதில்லை. இது என் கொள்கை நிலைப்பாடு. உங்களுக்கான நடைமுறை யோசனை: கடன் வாங்கிப் படிக்கும் நீங்கள் ஐ.நா. பெயருக்காக ஜெனீவாவில் ஆறு மாதம் சொந்தக் காசில் இருக்காதீர்கள். உதவித்தொகை தரும் அமைப்பில் கிடைத்தால் போங்கள், அல்லது உங்கள் முதுகலை உதவித்தொகையே இன்டர்ன்ஷிப் காலத்திலும் தொடரும்படியான படிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

அப்படிப்பட்ட படிப்புகள் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலைதான் இதில் முதலிடம். உதவித்தொகை கிடைத்தால் கட்டணம் கிடையாது, மாதம் 1,400 யூரோ, 24 மாதம் வரை. இரண்டு மூன்று நாடுகளில் படிப்பது படிப்பின் அமைப்பிலேயே இருக்கிறது. இந்திய மாணவர்கள் இந்த உதவித்தொகையை அதிகம் பெறுபவர்களில் முன்வரிசையில் இருப்பவர்கள், ஆனால் பொறியியலிலும் அறிவியலிலும் நம்மவர்கள் விண்ணப்பிக்கும் அளவுக்கு அரசியல், சமூகவியல் பக்கம் விண்ணப்பிப்பதில்லை என்பது நான் பார்த்தது. யூரோகல்ச்சர் என்ற படிப்பைப் பாருங்கள். க்ரோனிங்கன், உப்சாலா, கிராக்கோவ், ஸ்ட்ராஸ்பூர்க் எனப் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துவது. மூன்றாவது செமஸ்டரில் ஆய்வு அல்லது இன்டர்ன்ஷிப் என்று இரண்டு வழி. பொதுக்கொள்கைக்கு முண்டஸ் மேப், பாதுகாப்பு ஆய்வுக்கு கிளாஸ்கோவும் ட்ரென்டோவும் பிராகாவும் சேர்ந்த ஒரு படிப்பு என்று வரிசை உண்டு. விண்ணப்பக் காலம் பெரும்பாலும் அக்டோபர் முதல் ஜனவரி வரை. இதைத் தவறவிட்டால் ஒரு முழு ஆண்டு போய்விடும்.

ஜெர்மனியில் டாட் (DAAD) என்ற கல்விப் பரிமாற்ற அமைப்பின் ஹெல்முட் ஷ்மிட் உதவித்தொகை வளரும் நாடுகளின் மாணவர்களுக்குப் பொதுக்கொள்கை, நல்லாட்சி முதுகலைக்கென்றே இருக்கிறது. எர்ஃபுர்ட் நகரின் வில்லி பிராண்ட் பள்ளி, பெர்லினின் ஹெர்ட்டி பள்ளி எல்லாம் அதன் பட்டியலில் இடம்பெற்றிருக்கின்றன. இந்த இரண்டிலும் இன்டர்ன்ஷிப் படிப்பின் பகுதி. படிப்பு தொடங்குமுன் ஜெர்மன் மொழி வகுப்பையும் அந்த உதவித்தொகையே பார்த்துக்கொள்ளும். தகுதியுள்ள நாடுகளின் பட்டியலை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் கட்சிகளோடு தொடர்புள்ள அறக்கட்டளைகள் இன்னொரு வழி. கொன்ராட் ஆடனாவர், ஃப்ரீட்ரிஷ் ஏபர்ட், ஹைன்ரிஷ் போல், ரோசா லக்சம்பர்க் போன்றவை வெளிநாட்டு மாணவர்களுக்கும் உதவித்தொகை தருகின்றன. மதிப்பெண்ணோடு நீங்கள் சமூகத்தில் என்ன செய்தீர்கள் என்றும் பார்ப்பார்கள். மாணவர் சங்கம், ஊர் நூலகம், தகவல் அறியும் உரிமை மனு போட்டது எல்லாம் அங்கே மதிக்கப்படும், நாம்தான் சொல்லத் தயங்குகிறோம். பெரும்பாலும் ஜெர்மன் மொழி கேட்பார்கள்.

ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்குத் தமிழக அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரில் வெளிநாட்டு உயர்கல்வி உதவித்தொகை தருகிறது, ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை. உங்களுக்கோ நண்பர்களுக்கோ பொருந்தினால் வருமான வரம்பையும் பாடப் பட்டியலையும் உடனே பாருங்கள். மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில் 2022 முதல் இந்தியப் பண்பாடு, இந்திய வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வுத் தலைப்புகளை ஏற்பதில்லை. அரசியல் மாணவர்களை நேராகத் தாக்கும் விதி அது. விண்ணப்பத்தில் ஆய்வுத் தலைப்பை எழுதும்போது நினைவில் வையுங்கள்.

உதவித்தொகை இல்லாமல் வந்தால் ஜெர்மனிக்கு முடக்கக் கணக்கில் (மாதந்தோறும் ஒரு அளவுதான் எடுக்க முடியும் வங்கிக் கணக்கு) ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும், மாதம் 992. அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. பாடத்திட்டத்துக்கு வெளியே ஒரு செமஸ்டர் இன்டர்ன்ஷிப்புக்காகப் படிப்பை நீட்டினால் அந்த ஆறு மாத வாழ்க்கைச் செலவு மட்டும் 5,952 யூரோ, யூரோவுக்கு நூறு ரூபாய் என்று வைத்தால் ஏறத்தாழ ஆறு லட்சம். பாடத்திட்டத்துக்குள் இருக்கிறதா என்று நான் திரும்பத் திரும்பக் கேட்பது இதனால்தான்.

மொழியைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலவழி முதுகலை கிடைக்கும், ஆங்கிலத்திலேயே பட்டம் வாங்கலாம். ஆனால் பெர்லினில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகம் ஜெர்மன் தெரியாதவரை எடுக்காது. தொகுதி மக்களின் கடிதம் ஜெர்மனில் வருகிறது, பதில் ஜெர்மனில் போக வேண்டும். ஆங்கிலம் மட்டும் இருந்தால் பிரஸ்ஸல்ஸ், ஹேக், வியன்னா, ஜெனீவாவின் சர்வதேச வட்டத்தோடு உங்கள் எல்லை முடிகிறது. நுங்கம்பாக்கத்தில் ஜெர்மன் கற்க மாக்ஸ் முல்லர் பவனும் இருக்கிறது, பிரெஞ்சு கற்க அலையன்ஸ் ஃபிரான்சேஸும் இருக்கிறது. கிளம்புமுன் பி1 என்ற நடுத்தர நிலை முடித்துவிட்டு வந்தால், இரண்டாம் ஆண்டில் அதற்கு அடுத்த பி2 தொடுவது கஷ்டமில்லை. வந்தபின் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் இன்டர்ன்ஷிப் நேரத்துக்கு மொழி தயாராக இருக்காது.

விண்ணப்பக் கடிதம் இன்னொரு முக்கியமான இடம். எனக்கு வரும் வரைவுகள் பலவும் “உங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் பணியாற்றி என் அறிவை விரிவாக்கிக்கொள்ள” என்றுதான் தொடங்குகின்றன. எதிரில் இருப்பவர் ஒரே காலையில் நூறு கடிதம் படிப்பவர். உங்களிடம் மட்டும் இருப்பது என்ன என்று அவருக்கு முதல் மூன்று வரியில் தெரிய வேண்டும். அது நம்மிடம் நிறைய இருக்கிறது. உதாரணத்துக்கு, பெரிய நிறுவனங்கள் தங்கள் விநியோகச் சங்கிலியில் நடக்கும் உரிமை மீறல்களுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற ஐரோப்பியச் சட்டம் 2024இல் நிறைவேறியது. 2025இல் அதைத் தள்ளிப்போடவும் தளர்த்தவும் ஆணையமே முன்மொழிந்தது. அந்த விவாதத்தில் பேசப்படும் தொழிற்சாலைகள் பல நம் திருப்பூரிலும் திண்டுக்கல்லிலும் இருக்கின்றன. ஆம்ஸ்டர்டாமில் உள்ள சோமோ ஆய்வு மையம் 2014லேயே தமிழக நூற்பாலைகளில் இளம்பெண்களின் நிலை பற்றி அறிக்கை வெளியிட்டது. 2022இல் பெண் தொழிலாளர் சங்கம் ஒன்றும் ஏற்றுமதி நிறுவனமும் எச் அண்ட் எம் போன்ற பிராண்டுகளும் கையெழுத்திட்ட திண்டுக்கல் ஒப்பந்தத்தை ஐரோப்பிய உரிமை அமைப்புகள் முன்னுதாரணமாகப் பேசுகின்றன.

திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவியின் கடிதத்தை நாங்கள் உட்கார்ந்து மாற்றி எழுதினோம். பழைய வரைவில் அவர் படித்த கோட்பாட்டாளர்களின் பெயர்கள் இருந்தன. புதியதில், பனியன் கம்பெனியில் தணிக்கை நாளன்று என்ன நடக்கும், ஒப்பந்தக்காரர் வழியாக வேலைக்கு வந்தவர் ஏன் பதிவேட்டில் வருவதில்லை, தமிழ் தெரிந்தவர் கேட்டால் பதில் எப்படி மாறும் என்று ஆறு வரி. கீழே, தான் படித்த அந்தச் சட்டத்தின் இன்ன பிரிவு இந்த இடத்தில் எப்படிச் செயலிழக்கும் என்று இரண்டு வரி. ஒரே வாரத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். உங்கள் ஊர் எதுவென்று நீங்கள் சொல்லவில்லை. மீனவர் கிராமம் என்றால் கடல் எல்லையும் மீன்பிடிக் கொள்கையும், சென்னை என்றால் வெள்ளமும் நகராட்சியும். ஐரோப்பாவில் யாரோ ஒருவர் அதே பொருளில் வேலை பார்த்துக்கொண்டிருப்பார். அவரைத் தேடிப்பிடித்து எழுதுங்கள்.

இன்டர்ன்ஷிப்பையும் ஆய்வேட்டையும் தனித்தனியாக வைக்காதீர்கள். முதல் ஆண்டு முடியும்போதே வழிகாட்டிப் பேராசிரியரிடம் பேசி, போகும் இடத்துக்கும் ஆய்வுத் தலைப்புக்கும் ஒரு உறவு ஏற்படுத்துங்கள். அங்கே சந்திப்பவர்கள் பிறகு நேர்காணல் தருவார்கள், கதவு திறந்திருக்கும். ஆனால் அலுவலகத்தில் கையில் கிடைத்த ஆவணத்தை ஆய்வேட்டில் மேற்கோள் காட்டலாமா என்று முதல் வாரத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். பிற்பாடு கேட்டால் சங்கடம். கிளம்பும்போது நீங்கள் செய்த வேலைகளை விவரமாகக் குறிப்பிட்ட பணிச் சான்றிதழ் வாங்காமல் வராதீர்கள். ஜெர்மனியில் அடுத்த வேலைக்கு அதைத்தான் படிப்பார்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒரு யோசனை. பி.ஏ. முடித்த கையோடு கிளம்ப வேண்டும் என்ற அவசரம் உண்மையில் தேவையா? டெல்லியில் சட்டமியற்றலை ஆய்வு செய்யும் பிஆர்எஸ் நிறுவனம் 2010இலிருந்து நடத்தும் லேம்ப் ஃபெலோஷிப்பில் இளம் பட்டதாரிகள் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரோடு மழைக்காலக் கூட்டத்தொடரிலிருந்து பட்ஜெட் கூட்டத்தொடர் வரை வேலை செய்கிறார்கள், உதவித்தொகையோடு. அப்படி ஒரு வருடம் கேள்வி நேரத்துக்குக் கேள்வி தயாரித்தவர், நிலைக்குழு அறிக்கை படித்துக் குறிப்பு எழுதியவர் பிரஸ்ஸல்ஸுக்கோ பெர்லினுக்கோ விண்ணப்பித்தால், கல்லூரியிலிருந்து நேராக வருபவரைவிட வெகுதூரம் முன்னால் நிற்பார். எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகைக்கும் அது கைகொடுக்கும். அந்த ஒரு வருடத்தில் ஜெர்மனோ பிரெஞ்சோ பி1 முடித்துவிடலாம். கடன் தொகையும் குறைய வாய்ப்பு. உங்கள் இடத்தில் என் தங்கை இருந்தால் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

இந்த ஆண்டே கிளம்புவது என்று முடிவெடுத்தால் கால வரிசை இப்படி. ஜெர்மன் மாணவர் விசாவுக்கு இந்தியர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து, நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்று கட்டாயம். அது வர நாளாகும், ஆகவே மதிப்பெண் பட்டியல்கள் கையில் இருக்கும் இன்றைக்கே அதைத் தொடங்குங்கள். எராஸ்மஸ் முண்டஸ் விண்ணப்பம் டிசம்பருக்குள், ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மே இறுதி அல்லது ஜூலை நடுப்பகுதிக்குள். அதற்கு முன்னால், உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு படிப்பின் விதிமுறை ஆவணத்தையும் திறந்து, இன்டர்ன்ஷிப் எந்தப் பக்கத்தில், எத்தனை கிரெடிட், கட்டாயமா என்று ஒரு தாளில் எழுதுங்கள். எந்தெந்தப் படிப்பு என்று இங்கே எழுதினால், எனக்குத் தெரிந்த துறைகளைப் பற்றி விவரமாகச் சொல்கிறேன்.